பதர் போட்ட கல்

அந்த வீடு விழுந்த கதையைக் கேட்டுட்டுத்தான் வந்தீங்களா அக்கா, இல்லை, கேக்காமலே கல்லு பாக்க வந்தீங்களா?

கேட்டுட்டுத்தான் வந்திருப்பீங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் டீக்கடையில் 'பூமயில் வீடு எது'ன்னு விசாரிச்சிருப்பீங்க. அங்கே பெஞ்சில் உக்காந்திருக்கிற ஆளுங்க வழியைச் சொல்றதுக்கு முந்தி அந்தக் கதையைத்தான் சொல்லியிருப்பாங்க. பரவாயில்லை. கேட்டும் வந்திருக்கீங்களே, அதுவே பெரிசு. ஐப்பசிக்கு அப்புறம் வீடு கட்டக் கல்லு வேணும்னு இந்தக் களத்துக்குள்ளே கால் வச்ச முதல் ஆளு நீங்கதான். உக்காருங்க. அந்தச் சாக்கு மேலே உக்காருங்க, சேலையில் மண்ணு ஒட்டாது.

ஏய் தேனு, கல்லை நக்காதே! பாருங்க, இது எங்க சின்னது. மிட்டாய் குடுத்தால் துப்புது, இந்தக் கல்லை மட்டும் விட மாட்டேங்குது. கண்மாய் வண்டல் இல்லையா, அதுக்கு அப்படி ருசி.

உங்ககிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை அக்கா. நீங்க ஒரு வீடு கட்டி அது நின்னால்தான் மத்தவங்க திரும்பி வருவாங்க. யாரும் வராட்டி இந்தக் கல்லு அடிக்கிற மெஷினைத் தூக்கிட்டுப் போயிருவோம்னு அதைக் குடுத்த நிறுவனத்துக்காரங்க சொல்லிட்டாங்க. மெஷின் போச்சுன்னா நான் பழையபடி கருவேலங்காட்டுக்கு விறகு வெட்டத்தான் போகணும், இதை இடுப்பில் வச்சுக்கிட்டு. அதனால் முழுசாச் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க, கல்லு மேலே என்ன குத்தம்னு.

முதல்ல கல்லைக் கையில் எடுத்துப் பாருங்க. எடுங்க. என்ன லேசா இருக்கு பாத்தீங்களா? கண்மாய் மண்ணு, சுண்ணாம்பு, கொஞ்சம் சிமெண்ட், நறுக்கின வைக்கோல், உமி. கலந்து மெஷினில் கொட்டிக் கைப்பிடியை அமுக்கினால் கல்லு வந்துரும். நிழலில் காய வச்சால் போதும். சூளை கிடையாது, விறகு கிடையாது, புகை கிடையாது. உள்ளே இருந்தால் சித்திரை வெயில்கூடத் தெரியாது. வயக்காட்டில் கொளுத்திவிடுற கழிவெல்லாம் வீடா நிக்குதுன்னு கலெக்டர் ஆபீசிலிருந்துகூட ஆளு வந்து போட்டோ பிடிச்சிட்டுப் போனாங்க. அந்தப் போட்டோவில் நான் சிரிச்சபடி நிப்பேன். எனக்குச் சிரிக்காமல் நிக்கத் தெரியாது அக்கா. ஆஸ்பத்திரியிலேயே ஒரு நர்சம்மா, "என்னம்மா, இங்க வந்தும் பல்லைக் காட்டுற?"ன்னு திட்டுச்சு. என்ன பண்ண, மூஞ்சி அமைப்பு அப்படி.

எங்கே விட்டேன்? ஆமா, உமி. பயிற்சி குடுக்க வந்த நவநீதன் தம்பி, "ரைஸ் மில் உமி மட்டும்தான் போடணும்க்கா"ன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. நல்ல தம்பி, நல்லாப் படிச்ச தம்பி. ஆனால் மில்லுக்காரர் ஒரு மாசம் குடுத்தாரு, அடுத்த மாசம் உமியை எல்லாம் பாய்லருக்கு அனுப்புறேன்னு கையை விரிச்சிட்டாரு. நான் என்ன கையைக் கட்டிட்டு உக்காந்திருப்பேனா? தை அறுப்பு முடிஞ்ச நேரம். களத்தில் நெல்லைத் தூத்தி ஒதுக்கின பதர் மலை மாதிரி கிடக்குது. யாருக்கும் வேணாம், நெருப்பு வைக்கிறாங்க. நான் சாக்குச் சாக்கா அள்ளிட்டு வந்துட்டேன்.

பதர்னா என்ன? அதுவும் உமிதானே அக்கா? உள்ளே அரிசி பிடிக்காத நெல்லு. நடுநடுவே அரையும் குறையுமாப் பால் பிடிச்ச கருக்காய் கிடக்கும். கிடந்தால் என்ன? அரிசி உள்ளே இருக்கிறதாலே உமி உமி இல்லைன்னு ஆயிருமா? பதர் போட்டதில் கல்லு இன்னும் நல்லாப் பிடிச்சது. நல்லாப் பிடிக்குதேன்னு சிமெண்டை ஒரு கை குறைச்சேன். தம்பி அளவு டப்பா குடுத்துட்டுப் போயிருந்துச்சு. இட்லிக்கு உளுந்தை நாம டப்பாவிலா அளக்கிறோம்? கைக்குத் தெரியாதா?

அப்படி அடிச்ச கல்லில் கட்டினதுதான் என் நாத்தனா அழகுராணி வீடு. எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. கட்டிக்குடுத்து வருசக்கணக்காச்சு, வயித்தில் ஒண்ணும் தங்கலை. அவ புருசன் சோலைராசு திருப்பூரில் பனியன் கம்பெனி. மாமியார் வீட்டில் விசேசத்துக்குக்கூட அவளை முன்னால் விட மாட்டாங்க. "நமக்குன்னு தனியா ஒரு கூரை இருந்தால் போதும் மதினி, ஒருத்தர் வாயிலும் விழாமல் கிடப்பேன்"னு எங்கிட்ட அழுவாள். நான்தான் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், "கல்லு பூரா நம்ம சீரா இருக்கட்டும்"னு. இந்த ஊரில் எந்த மதினி நாத்தனாவுக்கு ஒரு வீட்டுக்குக் கல்லு குடுத்திருக்கா, சொல்லுங்க? நான் குடுத்தேன்.

ரெண்டு ரூம், மேலே தகரம். ஆவணியில் குடி போயாச்சு. உள்பூச்சுப் பூசினோம். வெளிப்பூச்சைத் தை பொறக்கட்டும்னு நான்தான் சொன்னேன். மழைக்கு முந்திப் பூசினால் காயாதே. நான் சொன்னது சரிதானே?

ஐப்பசியில் அடைமழை. ஒருநாள் காலையில் நான் சோத்துக்கு உலை வச்சிட்டு நிக்கிறேன், அழகுராணி ஓடி வர்றாள். தலை முடியக்கூட இல்லை.

"மதினி, வாங்களேன். உள்ரூம்புச் செவுத்துல பயிரு முளைச்சிருக்கு."

"என்னடி உளறுற?"

"வந்து பாருங்க மதினி. சாமி சத்தியமா."

போய்ப் பாத்தேன். ஜன்னல் இல்லாத ரூம்பு அது, மேக்குப் பக்கம் சாரல் அடிக்கிற செவுரு. அடியிலிருந்து முழங்கால் உசரத்துக்கு, பூச்சை முட்டிக்கிட்டு, பயிரு. பச்சையா இல்லை அக்கா, வெளுத்த மஞ்சளா, இளசா, நெருக்கமா நிக்குது. உங்க ஊரிலும் முளைப்பாரி போடுவீங்கதானே? இருட்டறையில் மூடி வச்சு வளத்து வெளியில் எடுக்கிறப்ப ஓட்டில் எப்படி நிக்கும்? அச்சு அசல் அதே மாதிரி. விதை போடலை, ஓடு வைக்கலை, விரதம் பிடிக்கலை. பிள்ளையில்லாதவ வீட்டில் தானா முளைப்பாரி நிக்குது. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

அழகுராணி என் கையைப் பிடிச்சிக்கிட்டுக் கேக்குறாள். "என்ன மதினி இது? நல்லதா, கெட்டதா?"

அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எந்த மனுசியாவது கெட்டதுன்னு சொல்லுவாளா? "அம்மன் வந்திருக்குடி"ன்னேன். மஞ்சளைக் குழைச்சு ஒரு பொட்டு வச்சேன். ஒரே ஒரு பொட்டு. வாடிரக் கூடாதேன்னு ஒரு சொம்புத் தண்ணி தெளிச்சேன். நான் செஞ்சது அவ்வளவுதான். மத்ததெல்லாம் வெள்ளத்தாயி செஞ்சது.

வெள்ளத்தாயி யாருன்னா, எங்க ஊர் முளைப்பாரிக்குக் கும்மிப்பாட்டு எடுத்துக் குடுக்கிற பொம்பளை. நான் அவகிட்டப் போய்ச் சொல்லலை. தண்ணிக் குழாயில் நாலு பேர் நிக்கிறப்பப் பொதுவாத்தான் சொன்னேன். அவ காதில் விழுந்துருச்சு. உடனே குடத்தைக் கீழே வச்சிட்டு, "ஏ, மாரி வந்திருக்காடி! குடிசை மாதிரி ஒரு வீட்டைத் தேடி வந்து உக்காந்திருக்காடி!"ன்னு குலவை போட்டுட்டாள். சாயங்காலத்துக்குள்ளே தெருவே அங்கே. ஆளுக்கு ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி. முளைப்பாரிக்குத் தினம் தண்ணி ஊத்தணுமே, இல்லாட்டி வாடிருமே, வாடினால் ஊருக்கு ஆகாதே. அழகுராணி காலையில் குளிச்சிட்டு ஈரச்சேலையோட முதல் சொம்பு ஊத்துவாள். அப்புறம் மத்தவங்க. ரூம்புக்குள்ளே சுத்தி நின்னு கும்மி. பயிரும் விடாமல் வளந்துச்சு, செவுத்தில் பாதி உசரம் ஏறிருச்சு.

இன்னொண்ணு சொல்லணும். அந்த நாளில் எனக்கு வந்த கிராக்கி இருக்கே! "பூமயிலு, அம்மன் வந்த கல்லுல எங்களுக்கும் ஒரு செவுரு வேணும்டி"ன்னு வரிசையில் நிக்கிறாங்க. "அதே மாதிரிக் கல்லாத்தான் வேணும்"ங்கிறாங்க. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா? அதே பதரைத்தான் போட்டு அடிச்சேன். வெள்ளத்தாயியே சாமி ரூம்புக்குக் கல்லு சொல்லி வச்சவதான். இன்னிக்கு என்னைப் பாத்தால் காறித் துப்புறாள்.

நவநீதன் தம்பிக்கு நான் சந்தோசமாத்தான் போன் போட்டேன். போட்டோவும் அனுப்பினேன். அந்தத் தம்பி ஆ ஊன்னு கத்துது.

"அக்கா, பதர் போட்டீங்களா?"

"கொஞ்சம் போட்டேன் தம்பி."

"செவுத்துல தண்ணி இறங்கியிருக்குக்கா. அதான் முளைக்குது. சுடாத கல்லு அது, ஊறிச்சின்னா திரும்ப மண்ணாயிரும். அதெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டுக் காய விடுங்க. செவுத்துக்கு முட்டுக் குடுங்க. அந்த ரூம்புக்குள்ள யாரும் போகக் கூடாது. உடனே போய்ச் சொல்லுங்க."

"சரி தம்பி"ன்னேன்.

போனேன் அக்கா. சொல்லத்தான் போனேன். வாசலிலேயே அழகுராணி நிக்கிறாள். தலை நிறையப் பூவு. அவ மாமியார் வந்திருக்கு. அதுவரைக்கும் இவ கையில் ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்காத பொம்பளை, கீழே உக்காந்து இவ கால் மாட்டில் பூவைத் தொடுத்துக்கிட்டு இருக்கு. "மதினி, அத்தை என்னைத் தாயீன்னு கூப்பிட்டாங்க"ன்னு என் காதில் சொல்றாள். நான் எப்படி அக்கா வாயைத் திறந்து 'அது அம்மன் இல்லைடி, கருக்காய் முளைச்சிருக்கு, பிடுங்கு'ன்னு சொல்றது? நீங்க சொல்லுவீங்களா? சொன்னால்தான் வெள்ளத்தாயி விட்டிருவாளா? அம்மனைப் பழிச்சவன்னு என்னை ஊரை விட்டே விரட்டியிருப்பாள். கல்லு கேட்டு வந்தவங்களும் போயிருப்பாங்க. அதனால், "தண்ணியைக் கொஞ்சம் கம்மியா ஊத்து அழகு, வேரு அழுகிரும்"னு மட்டும் சொன்னேன். சொன்னேனா இல்லையா? சொன்னேன். அவ கேக்கலை.

ஏய் தேனு, வாயில் என்னத்தைப் போட்ட? காட்டு. ஆ காட்டு. துப்பு.

வெள்ளிக்கிழமை அது. தூறிக்கிட்டே இருந்துச்சு. விடிஞ்சதிலிருந்து பொம்பளைங்க வந்துட்டாங்க. கூட்டம் தாங்காமல் கும்மியை வாசலுக்கு மாத்திட்டோம். அழகுராணி உள்ளே தனியா, செவுத்தடியில் உக்காந்து, பயிரில் நெத்தியை வச்சுக் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கிட்டு இருந்தாள். நான் வாசலில் நடு வட்டத்தில் நிக்கிறேன். பாட்டு உச்சத்தில் இருக்கு.

இடி மாதிரிச் சத்தம் வரும்னு நினைப்போம்ல? அப்படியெல்லாம் வரலை. நனைஞ்ச நெல்லு மூட்டையை வண்டியிலிருந்து தள்ளினால் எப்படிப் பொத்துன்னு விழும், அவ்வளவுதான். பாடிக்கிட்டு இருந்தவளுகளில் பாதிப் பேருக்குக் கேக்கவே இல்லை. தகரம் ஒரு பக்கமாச் சாஞ்ச பிறகுதான் எல்லாரும் ஓடினோம்.

மம்பட்டி போட முடியலை, எங்கே வெட்டிருமோன்னு பயம். கையாலேயே அள்ளினோம். கல்லுன்னு ஒண்ணு கையில் சிக்கலை அக்கா. எல்லாம் சேறு. நான் அடிச்ச கல்லுதான், என் கைக்கே அடையாளம் தெரியலை. அதில் பாருங்க, அந்தச் சேத்துக்கு மேலே பயிரு மட்டும் ஒண்ணுகூடச் சாயாமல் நிக்குது. வெள்ளத்தாயி அந்த நேரத்திலும், "பயிரை மிதிக்காதீங்கடி"ன்னு கத்துறாள். எங்க வீட்டுக்காரர் எங்கிருந்து வந்தாரோ தெரியலை, பயிரோட சேத்தைக் கொத்துக் கொத்தா அள்ளி வீசுறாரு. அவர் அழுது அன்னிக்குத்தான் பாத்தேன்.

மதுரைக்குக் கொண்டு போனோம். உசிரு இருந்துச்சு. இடுப்பெலும்பு நொறுங்கிப் போச்சு, முதுகுத் தண்டிலும் அடி. இனிமேல் எந்திரிச்சு நிக்கிறது சந்தேகம்னுட்டாங்க. அப்புறம் ஒரு பெரிய டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மாசமா இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாது. குடுக்கிறதை அம்மன் குடுத்துத்தான் இருக்கு, பாருங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்யாப் போகலை. கலைஞ்சதைப் பத்தி அவகிட்டச் சொல்ல வேணாம்னு இருந்தோம். வார்டில் பக்கத்துக் கட்டில் பொம்பளை சொல்லிருச்சு.

சோலைராசு ஒரு வாரம் பெஞ்சுக்கும் வாசலுக்கும் நடந்தாரு. அப்புறம் ஊருக்கு வந்து மிச்சமிருந்த தகரத்தைக் கழட்டி வித்துட்டுத் திருப்பூர் பஸ் ஏறிட்டாரு. நடக்க ஆரம்பிச்சால் கூட்டிக்கிறேன்னு அவங்க அம்மா சொல்லி அனுப்பிச்சு. தாயீன்னு கூப்பிட்ட அதே வாய்தான். நான்தான் இங்கே கொண்டாந்து வச்சுப் பாக்கிறேன். மலம் மூத்திரம் எல்லாம் நான்தான். முகம் சுளிச்சது கிடையாது. அதை இந்த ஊரில் ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. 'நாத்தனாளைச் செவுத்துல வச்சுப் பூசின மகராசி'ன்னு குழாயடியில் பேசுறாங்க. தண்ணி ஊத்தினது முப்பது பொம்பளை. பழி மட்டும் என் கல்லுக்கு. இது நியாயமா?

வீட்டுக்காரரா? அவர் வேலைக்குப் போயிட்டாரு. முன்னே இந்தக் களத்தில்தான் மண்ணு மிதிப்பாரு. இப்ப கிழக்கே செங்கச் சூளையில் லோடு ஏத்துறாரு. விடிய முந்திப் போனால் பொழுது சாயத்தான் வருவாரு. வந்தாலும் எங்கிட்டப் பேச்சு இருக்காது. சோத்தை வச்சால் சாப்பிடுவாரு, தங்கச்சி கட்டில்கிட்டப் போய் உக்காந்துருவாரு. முதலிலிருந்தே வாய் கம்மியான ஆளுதான். வேலை அசதி வேற.

இப்ப அடிக்கிறதிலும் என்ன போடுறேன்னா கேக்குறீங்க? மில்லு உமிதான் கிடைக்கலையே அக்கா. ஆனால் இப்ப ரொம்பக் கவனம். பதரை நல்லா வெயிலில் காய வச்சு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை புடைச்சுத்தான் போடுறேன். ஒரு கருக்காய் இருக்காது. அடுக்கி வச்ச அந்தக் கல்லு அட்டியில் பச்சையாத் தெரியுதே அதுவா? அது புல்லு. போன வாரம் மழை பேஞ்சதில் வந்தது. கல்லு மேலே எங்கேயாவது புல்லு முளைக்காதா என்ன? பிடுங்கிப் போட்டால் போச்சு. இருங்க, நானே பிடுங்குறேன்.

யோசிக்காதீங்க. தண்ணி படாமல் வச்சுக்கிட்டால் உங்க பேரப்பிள்ளை காலத்துக்கும் நிக்கும். யார் சொல்றதையும் நம்ப வேணாம், அழகுராணியையே கேளுங்க. அவ மேலேதானே விழுந்துச்சு? குத்தமிருந்தால் அவளுக்குத்தானே தெரியும்? எந்திரிங்க, உள்ளே வாங்க. செருப்பு கிடக்கட்டும், பரவாயில்லை. தலையைக் குனிஞ்சு வாங்க, நிலை தட்டும்.

அழகு, முழிச்சிருக்கியா? பாரு, இளையான்குடிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்திருக்காங்க. வீடு கட்டப் போறாங்களாம். ஊர்க்காரங்க சொன்னதைக் கேட்டுப் பயப்படுறாங்க. நீயே சொல்லு. தண்ணி ஊத்தினதாலேதானே விழுந்துச்சு? கல்லுல என்ன குத்தம்? ஒரு வார்த்தை சொல்லுடி, அக்கா நிம்மதியாப் போகட்டும்.

என்னடி அங்கேயே பாக்குற? அக்காவைப் பாரு.

என்னது? சத்தமாச் சொல்லு. செவுத்தோரம் வேணாமா? இதோ, இதைத்தான் அக்கா, இவ தினம் சொல்லுவா. காலையில் கூட்டறப்பக் கட்டிலை ஓரமாத் தள்ளினேன், இழுத்துப் போட மறந்துட்டேன். அடி பைத்தியம், இது விழாதுடி. இது சூளையில் சுட்ட கல்லுல கட்டினது, உங்க அய்யா காலத்துச் செவுரு. இது எங்கே விழப் போகுது? இங்கே பாரு, நான் தட்டுறேன் பாரு. கேட்டியா, கிண்ணுன்னு இருக்கு. அழாதே. அக்கா முன்னால் அழாதேடி. சரி, சரி, தள்ளிப் போட்டுருவோம்.

அக்கா, எங்கே கிளம்பிட்டீங்க? ஒரு நிமிசம் நில்லுங்க. கல்லைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அந்தக் கால்மாட்டை மட்டும் கொஞ்சம் பிடிங்க, கட்டிலை நடு ரூம்புக்கு இழுத்துருவோம்.